என் வேனும் பூக்கடைக்காரர் விமானமும்

உங்கள் அக்காவைப் பூ நிறுக்கும் தராசில் ஏற்றி நிறுத்தினார்கள். எனக்குச் சந்தேகம் தொடங்கியது அன்றைக்குத்தான்.

நீங்கள் இரண்டு பேரும் அப்போது மிகவும் சின்னப் பிள்ளைகள். ஒருவன் தத்தி நடக்கிறான், ஒருத்தி தொட்டிலில் கிடக்கிறாள். அக்கா பிளேனில் போன கதையை அவள் வாயால் கேட்டிருப்பீர்கள். அவள் சொல்லும் கதையில் மேகம் வரும், ஜன்னல் வரும், சிரித்த முகத்தோடு மிட்டாய் நீட்டும் பெண் வருவாள். நான் பட்ட பாடு அதில் வராது. அதை நான்தான் எழுத வேண்டும். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்புதான், எழுத்தில் குற்றம் பார்க்காதீர்கள்.

அக்கா படித்த பெண்கள் பள்ளியில் குஞ்ச டிரில் என்று ஒன்று உண்டு. கலர்த் தாளை நீளநீளமாகக் கத்தரித்துக் கொத்தாகக் கட்டி இரண்டு கையிலும் பிடித்துக்கொள்வார்கள். விசிலுக்கு விசில் கையை வீசி, குதித்து, பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். கபடி விளையாடப் போகும் பிள்ளைகளுக்கு உற்சாகம் கொடுக்க ஆரம்பித்தது அது. பிறகு அந்தக் கத்தலுக்கே தனியாகப் போட்டி வந்துவிட்டது. இப்போது டிவியில் கிரிக்கெட் நடக்கும்போது பந்து கோட்டைத் தாண்டினால் சில பெண்கள் ஆடுகிறார்களே, ஏறக்குறைய அது மாதிரி. ஆனால் நம் பிள்ளைகள் முழங்கால் வரை பாவாடை போட்டு, தலையில் இரட்டைச் சடை மடித்துக் கட்டியிருப்பார்கள்.

கடைசியில் கோபுரம் கட்டுவார்கள். பெரிய பிள்ளைகள் கீழே குனிந்து நிற்க, அவர்கள் முதுகில் நடு வரிசை ஏறி நிற்கும். நடு வரிசையின் தோளில் ஒரே ஒருத்தி ஏறுவாள். அவள்தான் உச்சி. மேலே நின்று குஞ்சத்தை விரித்துக் காட்டிவிட்டு, கடைசி விசிலுக்கு அப்படியே முன்னால் குதிப்பாள். கீழே நாலு பேர் கையைக் கோத்துப் பிடிப்பார்கள். விசிலுக்கு முன்னால் குதித்தாலும் போச்சு, பின்னால் குதித்தாலும் போச்சு.

உச்சியில் நின்றது உங்கள் அக்கா. அவளுடைய இடது காலைத் தோளில் தாங்கி, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது பூக்கடைக்காரர் மகள். என்றைக்காவது அக்கா வரவில்லை என்றால் உச்சிக்கு ஏற வேண்டியவளும் அந்தப் பெண்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை ஒரு நிமிஷமும் மறக்கவில்லை.

மெட்ராஸில் பெரிய போட்டி என்று தாள் வந்தது. நம் வேனில் எல்லாப் பிள்ளைகளையும் நானே கூட்டிப் போவதாகத்தான் பேச்சு. கல்யாணத்துக்கும் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் எத்தனை நடை போன வண்டி. என் கையில் அது நடுவழியில் நின்றதே கிடையாது. அந்த நேரத்தில்தான் பூக்கடைக்காரர் உள்ளே நுழைந்தார்.

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை அவர் கடைக்கு வந்துதான் வெளியூர் போகும். கொஞ்சம் பூ மதுரையிலிருந்து பிளேனில் மெட்ராஸ் போகும். எதையும் நிறுத்துப் பார்க்காமல், நேரம் பார்க்காமல் செய்ய மாட்டார். தராசுக்கு மேலே நாள்காட்டி, நாள்காட்டிக்கு மேலே சாமி படம். அவர் சொன்னார்: "சின்னப் பிள்ளைக அஞ்சும் பிளேன்ல வரட்டும். என் செலவு. பெரிய பிள்ளைகளும் டீச்சரும் வேன்ல வரட்டும்."

அதாவது கோபுரத்தின் அடி ரோட்டில் வரும், மேல்பாகம் ஆகாயத்தில் வரும்.

அதற்காகத்தான் அந்தத் தராசு. அஞ்சு பிள்ளைகளையும் கடைக்கு வரச் சொல்லி, சாக்கு நிறுக்கும் பெரிய தராசில் ஒவ்வொருத்தியாக ஏறச் சொன்னார். டிரில் டீச்சரும் நானும் பக்கத்தில் நிற்கிறோம். டீச்சர் ஒட்டன்சத்திரத்துப் பக்கம். அவர் பேச்சில் மரியாதை இருக்கும், சுற்றி வளைப்பது இருக்காது.

நான் கேட்டேன், "என்ன முதலாளி, பிள்ளைகளப் போயி மல்லியப் பூ மாதிரி நிறுக்கிறீக?"

"பிளேன்ல எடைதாண்ணே பேசும். எடை கூடிருச்சுன்னா எங் கூடையை எறக்கி வச்சுட்டு ஆளுகள மட்டும் ஏத்திட்டுப் போயிருவான். சாயங்காலம் போயிப் பாத்தா அம்புட்டுப் பூவும் வாடிக் கெடக்கும்."

"அப்ப ஆளு எடை கூடுனா ஆள எறக்குவானா?"

அவர் சிரித்தார். சிரித்தாரே தவிர, இல்லை என்று சொல்லவில்லை.

கடைசியாக அவர் மகள் ஏறினாள். முள்ளைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "டீச்சர், எம் பொண்ணு இவுக பொண்ணைவிட லேசு!" என்றார். கடையே கேட்கிற மாதிரி.

"ஏனுங்க, லேசா இருந்தா மட்டும் மேல ஏறிட முடியுங்களா? பயமில்லாம நிக்கோணும்," என்றார் டீச்சர்.

டீச்சர் அதோடு விட்டுவிட்டார். நான் விடவில்லை. மகள் லேசு என்று ஒரு அப்பன் எதற்காக அத்தனை சத்தமாகச் சொல்ல வேண்டும்? பிளேனில் இடம் இவர் எடுக்கிறார். மதுரைக்குக் கூட்டிப் போவது இவர். அங்கே போய், "எடை கூடிருச்சு, ஒரு பிள்ளையை எறக்கச் சொல்றான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே. இறங்குவது யார்? அக்காதான். உச்சியில் ஏறுவது யார்? நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்த மனுசன் கைக்காசு போட்டுப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போறாரு. நாள் பூரா குலுங்கிட்டு வந்தா மறுநா பிள்ளை எப்பிடி நேரா நிக்கும்னு அவரு கேக்குறது நியாயந்தானே?"

"நியாயமாத்தான் இருக்கு. அதான் எனக்கு இடிக்குது."

"ஒங்களுக்கு எதுதான் இடிக்கல? பால்காரன் தண்ணி கலந்தா சந்தேகம். கலக்கலன்னா ஏன் கலக்கலன்னு சந்தேகம்."

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் பிளேன்ல போவேன்," என்றாள்.

"நீ அப்பா கூட வேன்ல வா தாயி. உச்சியில நிக்கிறவ அப்பா கண்ணு முன்னாடி இருக்கணும்."

"வேன்ல நான் பழனிக்குப் போயிட்டேன். வேளாங்கண்ணிக்குப் போயிட்டேன். சேவுகம்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டேன். பிளேன்ல எங்க போயிருக்கேன்?"

ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. டிக்கெட் அவள் பெயரிலும் எடுத்தாகிவிட்டது என்று பூக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார். "டிக்கெட்டக் காட்டச் சொல்லு" என்று நான் சொல்லி அனுப்பினேன். அது மதுரையில் ஆளிடம் இருக்கிறது என்று பதில் வந்தது. கேட்டீர்களா? என் கண்ணுக்குத் தெரியாத டிக்கெட்டில் என் பிள்ளை போக வேண்டுமாம். வேன்தான் என்று முடித்துவிட்டேன். அக்கா அன்றைக்கு என் தட்டில் வெஞ்சனம் வைக்காமல் வெறும் சோற்றைப் போட்டுவிட்டுப் போனாள்.

புறப்பட வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. வேன் விடியற்காலையில் கிளம்ப வேண்டும், பிளேன் பகலுக்கு மேல். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். மெட்ராஸோ வடக்கே இருக்கிறது. நம் வீட்டில் இதற்கெல்லாம் ரொம்ப மெனக்கெட மாட்டோம், அம்மா ஒரு டம்ளர் பால் கொடுப்பாள், குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். பூக்கடைக்காரர் அப்படி விடுகிற ஆள் இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே மகள்.

"அண்ணே, பரஸ்தானம் வைக்கணும். வடக்காம எனக்குச் சொந்தக்காரக வீடு ஒண்ணும் இல்ல. ஒங்க வீடுதான் திருச்சி ரோட்டுப் பக்கம் இருக்கு."

பரஸ்தானம் என்றால் உங்களுக்குத் தெரியாது. போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரம் பார்த்து, போகிறவர் துணி ஒன்று, கொஞ்சம் அரிசி, மஞ்சள் எல்லாம் ஒரு பையில் கட்டி, போகிற திசையில் ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அந்த நேரத்திலேயே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகும்போது அந்தப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுத்த பிறகு வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

"நீங்க மதுரைக்குப் போயித்தான பிளேன் ஏறப் போறீக? மதுரை தெக்க இல்ல இருக்கு? தெக்க போறதுக்குச் சூலம் ஏது?" என்று கேட்டேன்.

"போயிச் சேர்ற ஊரு வடக்கதானண்ணே."

"பால் குடிச்சாப் போதும்பாக."

"ரோட்டுல போறவுகளுக்குப் பால் போதும். ஆகாயத்துல போறவுகளுக்குப் போதுமான்னு பஞ்சாங்கத்துல இல்லையே," என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. பையை உங்கள் அம்மா வாங்கி அலமாரியில் வைத்தாள். அதற்குள் என்ன இருக்கும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரில் இத்தனை வீடு இருக்க, என் வீட்டில் எதற்கு?

அவர் உடனே போகவில்லை. வாசலில் நின்ற வேனைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, ராத்திரி நல்லாத் தூங்குவீகளா?"

"எதுக்குக் கேக்குறீக?"

"இல்ல, சும்மா. போன வருசம் எம் பூ ஏத்திட்டுப் போன வண்டி வடமதுரைகிட்ட வேப்பமரத்துல போயி அடிச்சிருச்சு. டிரைவர் நல்ல மனுசன். செத்த நேரம் கண்ணு அசந்துட்டான். காலு ஒடிஞ்சதோட தப்பிச்சான். பூ பூராவும் ரோட்டுல கெடந்துச்சு. அதப் பாத்ததுலருந்து..." டயரை இன்னொரு தட்டுத் தட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கிறேன், இவர் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கிறார்! இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த என்னை! பிளேன் டிக்கெட் எல்லாம் எதற்கு என்று புரிந்தது. புரிந்ததும் கோபம்தான் வந்தது. "முதலாளி, என் வண்டியில இதுவரைக்கும் ஒரு கோழி அடிபட்டதில்ல," என்றேன்.

"கோழி குறுக்க வந்தாத்தானண்ணே அடிபடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை இருட்டுப் பிரியும் நேரம். பெரிய பிள்ளைகள் வந்துவிட்டார்கள், டீச்சர் வந்துவிட்டார். குஞ்சங்களை நசுங்காமல் பழக்கூடைகளில் வைத்து மேலே கட்டினேன். வேனுக்குள் அப்போதே பாட்டும் கத்தலும். பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து வந்து பார்த்தது. அக்கா மட்டும் முன் சீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தோழிகளை வழியனுப்ப என்று பூக்கடைக்காரர் மகளும் வந்தாள். பின்னாலேயே அவள் அப்பாவும் அம்மாவும். அந்தப் பெண் நேரே நம் வீட்டுக்குள் போனாள். அலமாரியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தாள். மார்போடு அணைத்துக்கொண்டு வந்து வேனில் ஏறி, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ ஆத்தா, எறங்கு. நமக்கு மதியம்தான்," என்றார் அவர்.

"எடுத்துட்டேம்ப்பா."

"எடுத்ததத் திருப்பி வையி."

"எடுத்துட்டா வீட்டுக்குத் திரும்பக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

வேனுக்குள் ஒரே சத்தம். பெரிய பிள்ளைகள் அவளுக்கு இடம் விட்டு நெருங்கி உட்கார்ந்தார்கள். பூக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையை ஆட்டினாள். "எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சுதான். திரும்புனா நல்லதில்ல," என்றாள். தாயும் மகளும் முன்னமே பேசி வைத்துக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது.

அந்த மனுஷர் வாசலில் நின்று வேனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சகுனமா வேப்பமரமா என்று அவருக்குள் நடந்த சண்டை முகத்தில் தெரிந்தது. கடைசியில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சரிண்ணே. எம் பொண்ணு ஒங்க வண்டியில வரட்டும். ஒங்க பொண்ணு எங்க கூட வரட்டும். ரெண்டு பேருக்கும் நல்லது."

எதற்கு நல்லது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது. அவர் பெண் என் பின்னால் உட்கார்ந்திருந்தால் நான் கண் அசர மாட்டேன். என் பெண் அவர் கையில் இருந்தால், அவர் பெண் என் கையில். யாரும் யாரையும் மதுரையில் இறக்கிவிட முடியாது. ஆனால் அதே நேரம் இன்னொன்றும் தோன்றியது. பிளேன் போகாவிட்டால்? மேல்பாகத்தில் வேனில் இருக்கிறவள் அவர் பெண் ஒருத்திதான். அவள் உச்சிக்கு ஏறிவிடுவாளே?

இதை நினைத்து முடிப்பதற்குள் அக்கா சீட்டிலிருந்து குதித்து, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாவும் கூடப் போகிறாள் என்பதால்தான் நான் சரி என்றேன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன்: "யாரு எறங்கச் சொன்னாலும் எறங்காத. டிக்கெட்ட ஒங் கையிலயே வச்சுக்க. அவரு மேல ஒரு கண்ணு வச்சுக்க."

தலையை ஆட்டினாள். எனக்குக் கொடுத்த பாலை அவளே வாங்கிக் குடித்தாள்.

அய்யலூர் தாண்டும்போது எனக்கு ஒரு கொட்டாவி வந்தது. விடியற்காலையில் எழுந்தவனுக்கு வராதா? உடனே பின்னாலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. அதில் ஒரு புளிப்பு மிட்டாய்.

"என்ன தாயி?"

"நீங்க கொட்டாவி விட்டாக் குடுக்கணும்னு அப்பா பை நெறையக் குடுத்திருக்காரு மாமா."

கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பெண் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பாடும்போது பாடுவாள், கத்தும்போது கத்துவாள். ஆனால் பார்வை மட்டும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அங்கே அக்கா அவரைப் பார்க்கிறாள், இங்கே இவள் என்னைப் பார்க்கிறாள். மணப்பாறையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் மிட்டாயோடு வேலையைத் தொடர்ந்தாள். உளுந்தூர்ப்பேட்டைக்குள் என் பல்லெல்லாம் கூசிப் போனது. கொட்டாவியை மூக்கு வழியாக விடப் பழகிக்கொண்டேன்.

போகப் போக என் மனசு ஓடியது பிளேனில்தான். இப்போது மதுரையில் இருப்பார்களா, ஏறியிருப்பார்களா? "பிள்ளைக்கு மேலுக்கு முடியல, போக வேணாம்னு வீட்டுக்கு அனுப்பிட்டோம்" என்று அவர் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? செங்கல்பட்டு வந்ததும் டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். "டீச்சர், நாளைக்கு எம் பொண்ணு வர முடியலன்னா என்ன பண்ணுவீக?"

"ஏனுங்க அப்படிச் சொல்றீங்க? வந்துருமுங்க."

"வரலன்னா?"

டீச்சர் பின்னால் திரும்பிப் பூக்கடைக்காரர் மகளைப் பார்த்தார். பார்த்ததே பதில்.

மெட்ராஸ் போகிற ரோடு விமான நிலையத்தை ஒட்டித்தான் போகும். வெளிச்சம் கொஞ்சம் இருக்கும்போதே அங்கே போய்விட்டோம். நான் வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கிப் போய், வாசலில் நின்ற டாக்சிக்காரர் ஒருவரிடம், மதுரை பிளேன் எப்போது வந்தது என்று கேட்டேன். "இன்னும் வரலப்பா. அந்தப் பக்கம் மழை மேகமாம்," என்றார்.

மேகமோ, என்னவோ. இவர்கள் ஏறினார்களா இல்லையா, அதல்லவா எனக்குத் தெரிய வேண்டும்.

வேனுக்குத் திரும்பினேன். பிள்ளைகள் எல்லாம் கீழே இறங்கி வானத்தைப் பார்த்து நின்றார்கள். பூக்கடைக்காரர் மகள் மட்டும் பையை அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். "மாமா, எங்கப்பா வந்துருவாருல்ல? அவரு இதுக்கு முன்னாடி பிளேன்ல ஏறுனதே இல்ல. பூவ மட்டுந்தான் ஏத்திருக்காரு," என்றாள். குரல் கம்மியிருந்தது. நாள் பூராவும் பாடியதாலா, அழுகையாலா என்று சொல்ல முடியவில்லை.

அவள் மடியில் இருந்த மிட்டாயில் ஒன்றை எடுத்து அவளுக்கே கொடுத்தேன். இரண்டு பேரும் சப்பிக்கொண்டு அதே வானத்தைப் பார்த்தோம்.

ஒரு பிளேன் தலைக்கு மேலே தாழ இறங்கியது. எங்கள் பிள்ளைகள் கூடையை அவிழ்த்துக் குஞ்சங்களை எடுத்து ஆட்டிக் கத்தினார்கள். ரோட்டில் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எந்த ஊர்ப் பிளேனோ தெரியாது. கத்தினோம்.

அது மதுரைப் பிளேன்தான். முதலில் வெளியே வந்தது அந்த அம்மாவும் மூன்று பிள்ளைகளும். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. நான் பிள்ளைகளை இன்னொரு தடவை எண்ணினேன். பிறகு பூக்கடைக்காரர் வந்தார். அவர் நடக்கவில்லை, நடத்திக் கூட்டி வரப்பட்டார். அவர் முழங்கையைப் பிடித்து அக்கா கூட்டி வந்தாள். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. முகம் சுண்ணாம்பு மாதிரி.

"அப்பா! மாமா ரெண்டு தடவ வாந்தி எடுத்தாரு! நாந்தான் கையப் பிடிச்சுக்கிட்டேன்! அவரு மேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டேம்ப்பா!" என்று கூவினாள் அக்கா. ரொம்பச் சத்தமாக. அவருக்கு முன்னாலேயே. அவர் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. மகள் ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் எங்காவது கண் அசந்தேனா என்று கேட்கிற பார்வை.

மறுநாள் காலையில் போட்டி மைதானத்தில் டீச்சர் ஒத்திகை பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விசில் அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள், அக்கா அவர்களைப் பார்த்துவிட்டுத் தூக்கினாள். ஒரு இமைப்பு பிந்தியது. அவளுக்கு ஏற்கெனவே லேசாகச் சளி. பிளேன் இறங்கும்போது காது இரண்டும் அடைத்துக்கொண்டதாம், இன்னும் விடவில்லையாம். நேற்று அவள் அத்தனை சத்தமாகப் பேசியது சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

"மேல நின்னா யாரையும் பாக்க முடியாதே கண்ணு. விசில் கேக்கலைன்னா எப்படிக் குதிப்ப?" என்றார் டீச்சர். அவர் பார்வை பூக்கடைக்காரர் மகள் பக்கம் போனது.

என் தலைக்குள் மணி அடித்தது. அதுதானா சங்கதி! பிளேனில் போனால் காது அடைக்கும் என்று இந்த ஆளுக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்துதான் விழுந்து விழுந்து டிக்கெட் எடுத்தாரா? மகளை வேனில் ஏற்றிவிட்டதும் இதற்குத்தானா? நேரே அவரிடம் போனேன்.

"முதலாளி, காது அடைக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"என்னது?"

"காது! காது!"

"சாதமா? நான் இன்னும் சாப்பிடலண்ணே, வயிறு சரியில்ல," என்றார், மைதானமே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். அவர் மனைவி பக்கத்தில் வந்து, "அவருக்கும் நேத்துலருந்து ரெண்டு காதும் கேக்கலண்ணே," என்றாள்.

உண்மையாகவே கேட்கவில்லையா, கேட்காத மாதிரி நடிக்கிறாரா என்று அவர் முகத்தை ஆராய்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அதற்குள் பிள்ளைகள் தாங்களே பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பூக்கடைக்காரர் மகள் டீச்சரிடம் சொன்னாள்: "டீச்சர், நாந்தான அவ காலப் பிடிச்சிருக்கேன்? ஒவ்வொரு விசிலுக்கும் கணுக்கால்ல அமுக்குறேன். கடைசி விசிலுக்கு ரெண்டு அமுக்கு."

நாலைந்து தடவை செய்து பார்த்தார்கள். டீச்சர் தலையாட்டினார். நான் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு மறந்துட்டா? இல்ல, வேணும்னே..." என்று இழுத்தேன்.

"ஏனுங்க," என்றார் டீச்சர், "வேணும்னா அந்தப் பொண்ணு இப்பவே நான் ஏறிக்கிறேன்னு சொல்லியிருக்கலாமுங்களே."

நியாயமான பேச்சு. எனக்கு நியாயமான பேச்சென்றால் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

எங்கள் முறை வந்தது. பூக்கடைக்காரரும் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அடுத்தடுத்து நின்றோம். பிள்ளைகள் குஞ்சத்தை வீசிக் கத்தினார்கள். பெரிய பிள்ளைகள் குனிந்தார்கள். நடு வரிசை ஏறியது. அக்கா ஏறினாள். ஊரெல்லாம் உச்சியைப் பார்த்துக் கை தட்டியது. நான் உச்சியைப் பார்க்கவில்லை. அவள் இடது கணுக்காலைச் சுற்றியிருந்த அந்தச் சின்ன விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் எனக்கு மிட்டாய் நீட்டிய விரல்கள். பக்கத்தில் திரும்பினால், அவரும் அதே விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு விசில் கேட்காது. மகள் கை அமுக்குவதைப் பார்த்துத்தான் விசில் அடித்துவிட்டது என்று அவர் தெரிந்துகொண்டார். ஒவ்வொரு அமுக்குக்கும் அவர் தலை ஒருமுறை ஆடியது.

கடைசி விசில் அடித்தது. விரல்கள் ஒரு தடவை அமுக்கின. இரண்டாவது அமுக்கு. அக்கா குதித்தாள். நாலு பேர் கைகளில், நடுவாக, சரியாக.

முதல் பரிசு ஏதோ ஒரு மெட்ராஸ் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அவர்கள் நடந்தே வந்திருப்பார்கள். எங்களுக்கு மூன்றாவது. அக்காவுக்கு அதைச் சொன்னபோது சரியாகக் கேட்கவில்லை, முதல் பரிசு என்று நினைத்து அரை மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தாள். யாரும் திருத்தவில்லை.

திரும்புவதற்குப் பூக்கடைக்காரர் தன் குடும்பத்துக்கு ரயிலில் இடம் பார்க்கப் புறப்பட்டார். பிளேன் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. அவர் மகள் மஞ்சள் பையோடு வேன் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "வேன்ல வந்த பை வேன்லதான் திரும்பணும்," என்றாள், அவர் காதருகே வாயை வைத்து.

"அப்பிடி ஒரு முறை இருக்கா?" என்று அவர் மனைவியைக் கேட்டார்.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தாள். "இருக்கும்போலதான் இருக்கு," என்றாள்.

ஆகவே மறுநாள் விடியற்காலையில் எல்லோரும் வேனில் திரும்பினோம், நெருக்கியடித்துக்கொண்டு, குஞ்சக் கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு. பூக்கடைக்காரர் முன் சீட்டில், என் பக்கத்தில். திருச்சி வரும்வரை அவர் கண் என் கண்ணை விட்டு விலகவில்லை. வெயில் சாயும் நேரத்தில் வடமதுரை வந்தது. ரோட்டோரம் பட்டை உரிந்த ஒரு வேப்பமரம். அது அந்த மரம்தானா என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் கண்ணை மூடி, தலையை ஜன்னலில் சாய்த்திருக்கிறார்.

தூங்குகிறாரா? வடமதுரையில், அந்த இடத்தில், என்னை நம்பித் தூங்குகிறாரா? அல்லது தூங்குகிற மாதிரி இருந்து என்னைச் சோதிக்கிறாரா? அவருக்குக் காதும் சரியாகக் கேட்காத நேரம். பார்த்துவிடுவோம் என்று, வராத கொட்டாவி ஒன்றை வாயை அகலத் திறந்து, சத்தம் போட்டு விட்டேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் நீண்டு வந்தது. உள்ளங்கையில் ஒரு புளிப்பு மிட்டாய் இருந்தது.